உங்கள் பாட்டை நீங்களே பதிந்து வையுங்கள்

கிழக்குக் கரையோர ஊர்களின் இசைக்குழுக்களில் கிற்றாரும் ட்ரம்ஸும் கீபோர்டும் வாசிக்கும் இளைஞர்களுக்கு,

இறக்காமத்திலிருந்து எழுதுகிறேன். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தம்பிலுவிலிலும் இருந்து இதை வாசிக்கும் தமிழ்ச் சகோதரர்களுக்கும் சேர்த்தே.

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள கரையிலும், உள்ளே சம்மாந்துறையிலும் எங்கள் இறக்காமத்திலும், வேலையும் படிப்பும் போக எஞ்சும் சொற்ப நேரத்தில், யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்னறையிலோ, வியாபாரம் படுத்துப் பூட்டிக் கிடக்கும் கடையொன்றிலோ கூடி, அயலவரின் முகச்சுளிப்பையும் மின்வெட்டையும் வாப்பாமாரின் கோபத்தையும் ஒருங்கே தாங்கிக்கொண்டு நீங்கள் செய்துவரும் சாதகத்தை நான் அறிவேன். அறிந்த காரணத்தினாலேயே, ஊரவர் உங்களைப் புகழும்போதும் ஏசும்போதும் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயத்தை உங்களிடம் நேரே சொல்லத் துணிகிறேன்.

பெருநாள் இரவென்றாலும், விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவென்றாலும், கலியாண வீட்டின் இசைக் கச்சேரியென்றாலும், மேடையேறிய கணத்திலிருந்து நீங்கள் வாசிப்பவை எல்லாம் சென்னையில் எவரோ இசையமைத்து எவரோ பாடி எவருக்கோ உரிமையாகிவிட்ட பாட்டுக்களே. இதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. கூலிக்குப் பாடுகிறவன் கூலி தருகிறவன் கேட்பதைப் பாடத்தான் வேண்டும். அந்தக் கூலியில்தான் கிற்றாருக்குப் புதுத் தந்தியும் ஸ்பீக்கருக்கு வாடகையும் வருகின்றன. ஆனால், உங்களில் அநேகமாக ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக இரண்டு மூன்று பாட்டுக்கள் உண்டென்பதும், அவை சபை கலைந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கிய பிற்பாடு, ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, உங்களுக்காக நீங்களே ஒரு முறை பாடிப் பார்ப்பவை என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்டவற்றுள் ஒன்றிரண்டு, மேடையில் நீங்கள் வாசித்த சினிமாப் பாட்டுக்களைக் காட்டிலும் நன்றாக இருந்தன. "இதைப் பதிஞ்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் வருகிற மறுமொழி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "இன்னும் சரியா வரல்ல காக்கா, நல்ல ஸ்டூடியோ ஒண்டு கிடைச்சாப் பாப்பம்."

இந்த மறுமொழியோடுதான் என் வழக்கு.

தில்லியில் 1990ஆம் ஆண்டு ஆரம்பமான 'இந்தியன் ஓஷன்' என்னும் குழுவை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். சுஸ்மித் சென் கிற்றார் வாசித்தார். அஷீம் சக்ரவர்த்தி தபேலா வாசித்துக்கொண்டே பாடினார். ரொக் குழுவென்றால் முதலில் ஆங்கிலப் பாட்டு வேண்டும், பிறகு மேல்நாட்டுக் குழுவொன்றைப் போன்ற தோற்றம் வேண்டும் என்ற எண்ணம் இந்திய நகரங்களில் வேரூன்றியிருந்த அக்காலத்தில், கிற்றாரையும் தபேலாவையும் அருகருகே வைத்துக்கொண்டு இவர்கள் செய்த சங்கீதத்துக்கு எந்தப் பெயரிட்டு எந்தத் தட்டில் வைத்து விற்பதென்று வியாபாரிகளுக்கு விளங்காமற் போனதில் ஆச்சரியமில்லை. 1991இல் ராகுல் ராம் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, நர்மதை அணைக்கு எதிரான மக்கள் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த அவர் கையில் எடுத்தது பேஸ் கிற்றார். 1993இல் எச்.எம்.வி. கம்பனி அவர்களுடைய முதல் இசைத்தொகுதியை வெளியிட்டது. அடுத்த தொகுதி வர நான்கு வருஷங்கள் சென்றன.

அந்த நான்கு வருஷங்களைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். நல்ல ஸ்டூடியோ கிடைக்கட்டும் என்று அவர்களும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம்; சொல்லுவதற்கு உங்களைக் காட்டிலும் அவர்களுக்கு நியாயம் அதிகம், ஏனெனில் நல்ல ஸ்டூடியோவை ஒரு தடவை கண்டவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய அடுத்த தொகுதி பிறந்தது மேடையில். 1989 ஜனவரி முதலாந் திகதி, தில்லியை அடுத்த சாஹிபாபாத்தில் வீதி நாடகம் ஆடிக்கொண்டிருக்கையில் தாக்கப்பட்டு மறுநாள் உயிர் நீத்த சப்தர் ஹஷ்மியின் நினைவாக ஆண்டுதோறும் தில்லியில் கலைஞர்கள் கூடுவது வழக்கம். 1997 ஜனவரி முதலாந் திகதி நடந்த அக்கூட்டத்தில் இந்தியன் ஓஷன் வாசித்தது. தில்லியின் மார்கழிக் குளிரில் வாசித்த அந்தக் கச்சேரியின் பதிவே 'டெசர்ட் ரெயின்' என்ற பெயரில் அதே ஆண்டு இசைத்தொகுதியாக வெளிவந்தது. பிழை வந்தால் திரும்ப வாசிக்கலாம் என்ற சலுகையோ, ஒவ்வொரு வாத்தியத்தையும் வெவ்வேறு நாளில் பதிந்து பின்னர் பொருத்திக்கொள்ளும் வசதியோ மேடைப் பதிவில் இல்லை. முன்னிருந்து கேட்டவர்களுக்கு வாசித்தது எதுவோ அதுவே உலகத்துக்கும் போயிற்று. 1994இல் ட்ரம்ஸ் வாசிக்க வந்த அமித் கிலாமும் சேர்ந்து, பிற்காலத்தில் எல்லோரும் அறிந்த அந்த நால்வர் அணி முதன்முதலாக இசைத்தொகுதியொன்றில் ஒலித்தது இந்தப் பதிவில்தான். இதன் பின்னர், 2000இல் டைம்ஸ் மியூசிக் வெளியிட்ட 'கந்தீசா' அவர்களை நாடறிந்தவர்களாக்கியது.

'கந்தீசா'வில் என்ன இருந்தது என்பதையும் கவனியுங்கள். தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிவழியாக ஓதிவரும் சுரியானி மொழிப் பிரார்த்தனை. இன்னொன்று, நர்மதைக் கரையின் மக்கள் அந்நதியைத் தாயென்று போற்றிப் பாடும் பாட்டு. ராகுல் ராம் அதை இயக்கத்திலே திரிந்த காலத்தில் கற்றுக்கொண்டு வந்தவர். தெருவிலும் ஆற்றங்கரையிலும் ஆலயத்திலும் கிடந்தவற்றை மின் கிற்றாரின் அருகே அவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் அந்தப் பாட்டுக்களின் மதிப்புக் குறைந்துவிடவில்லை, கிற்றாரின் மதிப்பும் குறையவில்லை. நமக்கு இன்னும் அண்மையில், 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, வடசென்னையின் கானாவையும் பறையையும் ரொக், ராப் ஆகியவற்றோடு சேர்த்துச் செய்ததும் இதே காரியந்தான்.

உங்கள் காலடியில் கிடப்பது என்ன? பொல்லடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் சிலருடைய மூத்தவாப்பாமார் ஆடியும் இருப்பார்கள். அண்ணாவியார் முதலடியை நிதானமாக எடுத்துக் கொடுக்க, வட்டமாய் நிற்பவர்கள் கைக்கொரு பொல்லாக ஏந்தி, தன் பொல்லோடு தன் பொல்லையும் அடுத்தவன் பொல்லோடு தன் பொல்லையும் மாறிமாறித் தட்டிக்கொண்டே குனிந்தும் நிமிர்ந்தும் சுற்றி வர, தாளம் கொஞ்சங் கொஞ்சமாக முடுகி, கடைசியில் எந்தப் பொல்லு எவனுடையது என்று பார்ப்பவனுக்குத் தெரியாத வேகத்தை அடைந்து, ஒரே அடியில் திடீரென நின்றுவிடும். அந்த முடுகலை ட்ரம்ஸில் வாசித்துப் பார்க்க உங்களில் எத்தனை பேர் முயன்றிருக்கிறீர்கள்? மேல்நாட்டு ட்ரம்ஸ்காரர்கள் வாசிக்கும் 'ரோல்'களைத் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பயிலும் நீங்கள், அடுத்த தெருவில் இன்னும் உயிரோடிருக்கும் அண்ணாவியாரிடம் ஒரு மாலைப்பொழுதுகூடப் போய் உட்காரவில்லை என்பதே என் மனத்தாங்கல். பக்கீர்மாரின் றபான் ஒலியும், வயலில் காவல் இருந்தவர்களும் வீட்டில் பன்பாய் இழைத்த பெண்களும் பாடிய கவிகளும் இவ்வாறே கிடக்கின்றன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊரூராய் அலைந்து அக்கவிகளைத் திரட்டி நூலாக்கித் தந்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் என்றென்றும் கடன்பட்டவர்கள். எனினும் அச்சு சொல்லை மட்டுமே காக்கவல்லது. கவியின் கடைசிச் சொல்லை எங்கே இழுத்து எங்கே விட வேண்டும் என்பதை எந்த நூலும் சொல்லித் தர முடியாது.

இசையைக் குறித்து நம் சமூகத்தில் மார்க்க ரீதியான அபிப்பிராய பேதம் இருப்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உலமாக்களின் வாசலில் அந்த வாதம் நடக்கட்டும். எப்படியும் நீங்கள் வாசிக்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்களுடையதை வாசியுங்கள் என்பது மாத்திரமே என் பேச்சு.

இனி, 'சரியா வரல்ல' என்ற சாக்கைப் பற்றி. பீற்றில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டுக்குரிய பதினான்கு பாட்டுக்களில் பத்து, 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் லண்டனில் பதியப்பட்டவை. அன்று ஜோன் லெனனுக்குக் கடுமையான தடிமன். தொண்டை கிழிந்துவிடும் என்பதனால் மிகக் கடினமான பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து, இரவிலே பாடி முடித்தார். அந்தக் கரகரப்பு அறுபது வருஷங்களாக அப்படியே இருக்கிறது. எவரும் அதைத் திருத்தும்படி கேட்கவில்லை. குரல் நன்றாக இருக்கும் இன்னொரு நாளுக்கு அதைத் தள்ளி வைத்திருந்தால், அந்தப் பாட்டு வேறொரு பாட்டாகியிருக்கும்.

நம் நாட்டிலேயே பாருங்கள். கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அவருடைய 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினரும் 1960களின் பிற்பாதியில் மின் கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குள் கொண்டுவந்தபோது, ஜெரால்ட் விக்கிரமசூரிய என்ற தனிமனிதர் 'சூரிய' என்ற பெயரில் இசைத்தட்டு நிறுவனம் நடத்தி அவர்களுடைய பாட்டுக்களைப் பதிந்தார். மொறட்டுவை இளைஞர்களின் 'ஜிப்சீஸ்' குழுவும் அவருடைய கதவைத் தட்டித்தான் வெளியே வந்தது. கிளாரன்ஸ் 1996இல் காலமானார். ஜிப்சீஸின் சுனில் பெரேரா 2021இல் காலமானார். பாட்டுக்கள் இன்னமும் பஸ்களில் ஒலிக்கின்றன. தமிழிலே நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே'யும் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் பாடி, ஈழத்துப் பொப்பிசைக்கு ஒரு வழி திறந்துவிட்டார். ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய், 1977இல் தமிழ்ச் சினிமாவுக்குள்ளும் நுழைந்து, இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிச் சுற்றுலா பஸ்கள் எல்லாவற்றிலும் பாடப்படுகிறது. அது இலங்கையிலிருந்து போன பாட்டென்பது பாடுவோரில் பலருக்குத் தெரியாது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். பாட்டின் மீது பெயர் எழுதி வைக்காதவர்களுக்கு இந்த உலகம் செய்கிற கைம்மாறு அந்த மறதிதான்.

நம் கரையிலும் அந்நாட்களில் பொப்பிசை பாடியவர்கள் இருந்தார்கள். பாடசாலைக் கலைவிழாக்களில் எழுதிப் பாடிய பாட்டுக்கள் இருந்தன. கசற் காலத்தில் அவற்றுட் சில ஒலிநாடாவிலும் ஏறின. ஒரே பிரதியாக, ஒரே வீட்டு அலுமாரியில் இருந்தவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இந்த மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தத் துக்கத்தின் முன் ஒலிநாடாவைப் பற்றிப் பேசுவது அற்பமாகப் படலாம். ஆயினும், மௌத்தாகிப் போனவர்களின் குரலை மறுபடி ஒரு தரம் கேட்க வழியில்லாமல் அழுத குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். இதற்கு மாறாக, 2009 டிசம்பர் 25ஆம் திகதி அஷீம் சக்ரவர்த்தி காலமான பின்னர், அவர் ஏற்கெனவே பாடி வைத்திருந்த பாட்டுக்களை, கரோல் பாக்கில் தாங்கள் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் விலாசத்தையே தலைப்பாக்கி, 2010இலிருந்து மாதம் ஒன்றாக இணையத்தில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இந்தியன் ஓஷன் வெளியிட்டது. பதிந்து வைத்திருந்தபடியால் கொடுக்க முடிந்தது.

பதிவதற்கு இன்று என்ன வேண்டும்? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியே, அந்நாளைய ஸ்டூடியோக்காரர்கள் ஆசைப்பட்டிருக்கக்கூடிய கருவி. அறையின் மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்ப்பெட்டியின் இணைப்பையும் கழற்றுங்கள். எதிரொலி கேட்டால் சுவரில் நாலைந்து பன்பாயைத் தொங்கவிடுங்கள், மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் குளத்துத் தவளைகளை நிறுத்த வழியில்லை. அவையும் கேட்டால் கேட்கட்டும். பதிந்ததை எம்பி3ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மூலப்பிரதியென்று எண்ணி ஏமாறாதீர்கள். இரண்டு வீடுகளில் இரண்டு பிரதி இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று கரையிலிருந்து தூரமாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு கோப்போடும் பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசித்தவர், இடம், திகதி ஆகியவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். கவியைச் சொல்லித் தந்தவர் உம்மம்மா என்றால், அவருடைய சம்மதத்தைக் கேட்டு அவருடைய பெயரையும் எழுதுங்கள். ஊரின் ஞாபகத்தில் பெண்களின் பங்கு அடிக்குறிப்பிலும் இல்லாமற் போவது இதுவரை நடந்தது போதும்.

இன்னொரு விஷயம், இதை அழுத்திச் சொல்கிறேன். பாட்டைப் பதிந்த பிறகு அதைக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். ஸ்டூடியோ செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வீடியோவும் எடுத்துத் தருகிறோம், ஒரு கையெழுத்து மாத்திரம் போடுங்கள் என்பார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை ஆக்கிய கணத்திலேயே, எங்கும் பதிவு செய்யாமலே, உரிமை உங்களுடையதாகிறது. உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது வருஷங்களும் அது நீடிக்கிறது. அதை இன்னொருவருக்கு முழுமையாக மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையொப்பமிட்டே கொடுக்க வேண்டும். ஆகையால் அந்தக் கையெழுத்து அற்பமானதன்று. லெனனும் மக்கார்ட்னியும் இளம் பராயத்தில் 1963இல் தங்கள் பாட்டுக்களை ஒரு கம்பனிக்குள் வைத்தார்கள். 1969இல் அந்தக் கம்பனி அவர்கள் கையை விட்டுப் போயிற்று. 1985இல் மைக்கேல் ஜாக்சன் நாலு கோடியே எழுபத்தைந்து இலட்சம் டொலருக்கு அதை உள்ளடக்கிய சொத்தை வாங்கினார். உலகத்தின் மிகப் பிரசித்தமான பாட்டுக்காரர்களுக்கே இது நேர்ந்தது. விதைநெல்லை விற்றுவிட்ட போடியார் அடுத்த போகத்தில் தன் காணியிலேயே கூலிக்கு நிற்க வேண்டிவரும். வெளியிடும் அனுமதியை ஒரு காலவரையறைக்குக் கொடுங்கள், வருமானத்தில் பங்கு பேசுங்கள், மூலப்பதிவை மட்டும் கொடாதீர்கள். குழுவுக்குள்ளேயும், யாருக்கு எவ்வளவு என்பதை நட்பு நன்றாக இருக்கும் இன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழு பிரிந்த பிறகு எழுத உட்காருகிறவர்கள் எழுதுவது புகார்க் கடிதந்தான்.

இவ்வளவும் சொல்லி நான் வேண்டுவது பெரிய காரியமன்று. எவரிடமும் பணம் கேட்கவில்லை. விழா எடுக்கச் சொல்லவில்லை. இந்தப் பெரும்போக அறுவடை முடிவதற்குள், ஒவ்வொரு குழுவும் தன்னுடைய சொந்தப் பாட்டு ஒன்றை, இப்போது எவ்வாறு வாசிக்க வருகிறதோ அவ்வாறே, ஆரம்பம் முதல் முடிவு வரை பதிந்து, பெயர்களையும் திகதியையும் எழுதி, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ கையளிக்க முயலுங்கள். அடுத்த கலியாண வீட்டில் கேட்கிற பாட்டெல்லாம் வாசித்து முடித்த பிறகு, சபை எழும்புவதற்கு முன்னால், அந்தச் சொந்தப் பாட்டை ஒரு தடவை உரத்து வாசியுங்கள். அதற்காக ஏச்சு விழுந்தால் பழியை என் மீது போடுங்கள். இறக்காமத்தில் என்னைத் தேடுவது கஷ்டமில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப்பக்கத்து மூத்த காக்கா ஒருவன்